பதினோராம் பக்கத்துப் படம்

வருவேன் வரமாட்டேன் என்று மழை
திபிலீசியின் மேல் தொங்கிக்கொண்டிருந்த காலை.
இரவு வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு
ரொட்டிக் கடைக்குள் நுழைந்தேன்.
ஜெமால் மாவு மேசையில் நாளிதழை விரித்திருந்தான்,
அடையாளம் காட்டச் சொல்லிப்
போர்வையை விலக்குபவன் மாதிரி.

"எண்பத்து மூன்று வயதில் மாஸ்ட்ரோ
தன்னையே நகலெடுக்கிறார்.
போதாதற்கு மேடையிலேயே தூங்கியும் விட்டார்."

தூங்கினாராம்!

அந்தக் கச்சேரியில் நாங்கள் எட்டுப் பேரும் இருந்தோம்,
பால்கனியின் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால்,
பாதி விலைக்குப் பாதி மேடை தெரியும் இடத்தில்.
ஓபோ நுழையும்போது தெங்கிஸ் லொமையா
கண்ணை மூடுவார்.
நாற்பது வருடமாக மூடுகிறார்.
கப்பல்காரன் வீடு திரும்பி
கதவைத் தட்டாமல் நிற்கிற அந்தக் காட்சியில்
முதன்முதலாக வந்த ஓபோ.
அதற்கு நாங்களும்தான் கண்ணை மூடுவோம்.
எங்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

மறுப்புக் கடிதம் என்று முடிவானது.
பல் மருத்துவர் மேராப் பேனாவை எடுத்தார்.
அவர் கையில் எதைப் பார்த்தாலும்
எங்களுக்குக் கொஞ்சம் பயம்.
'மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு' வரைக்கும் சண்டையில்லை.
அதற்கப்புறம் 'காழ்ப்பு' என்றார் ஒருவர்,
'அறியாமை' போதும் என்றார் இன்னொருவர்.
ஜெமால் சொன்ன சொல்லைக் காகிதம் தாங்காது.
அதை அவன் இரண்டு தடவை சொன்னான்.

லாமாரா அதுவரை வாய் திறக்கவில்லை.
இருபத்தாறு வருடம் தியேட்டரில் படம் ஓட்டியவள்.
அவருடைய இசை முழுக்க
அவள் விரலிடுக்கு வழியாகத்தான் ஊருக்குள் போயிருக்கிறது.
"மூன்றாம் பகுதி நகல்தான்" என்றாள்.
"கப்பல்காரன் மெட்டு. ஓபோவை எடுத்துவிட்டு
வயலினைப் போட்டிருக்கிறார்.
எனக்கு வெட்கமாக இருந்தது.
அழுதேன், அது வேறு."

மண் அடுப்பின் சுவரில் ஒட்டிய ரொட்டி ஒன்று
கருகி உள்ளே விழுந்தது.
யாரும் எழவில்லை.

"நீ யார் பக்கம்?" என்றான் ஜெமால்.
"அவர் பக்கம். அதனால்தான் எனக்குக் கேட்டது."

மேராப் ஒவ்வொரு வரியாகப் பிடுங்கினார்.
வலிக்காமல் பிடுங்கினார், தொழில் சுத்தம்.
கடைசியில் காகிதத்தில் மிஞ்சியது,
எட்டுப் பேரும் மறுக்காத ஒன்றே ஒன்று:
'பதினோராம் பக்கத்தில் நீங்கள் போட்டிருக்கும் படம்
அவருடையது அல்ல.'

உண்மைதான். காதே வேறு.
கோபத்தில் அதை யாரும் சொல்ல மறந்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை வானிலைக்குக் கீழே
இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்தார்கள்.
பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு.

நான் எழுத வந்தது அதுவல்ல.

அடுத்த வாரம் கடைசி டிரிப்பில், பாலத்துக்கு முந்தைய நிறுத்தத்தில்
அந்தப் படத்து மனிதர் ஏறினார்.
அதே காது. கையில் ஒரு பை மாண்டரின்.
இருக்கையிலிருந்து ஒரு பெண் துள்ளி எழுந்தாள்:
"மாஸ்ட்ரோ, உட்காருங்கள்.
அவர்கள் எழுதியதையெல்லாம் நாங்கள் நம்பவில்லை."

அவர் வாயைத் திறந்தார்.
கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.
என்னவோ சொல்லத்தான் திறந்தார்.
பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.
"பத்திரிகை அப்படித்தான், மகளே" என்றார்,
உட்கார்ந்தார்,
ஆளுக்கொரு மாண்டரின் கொடுத்தார்.

நான் சொல்லியிருக்கலாம்.
மைக் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

சிவப்பு விளக்கு. மழை ஒருவழியாக வந்தே விட்டது.
வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக.
அவர் கண்ணை மூடினார்.
பேருந்தே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது.
எனக்குத் தெரியும், அது அசல் தூக்கம்,
குறட்டைகூட லேசாகக் கேட்டது.
இறங்குமிடம் எதுவோ, எப்போதோ தாண்டிவிட்டது.
எழுப்ப மட்டும்
யாருக்கும் மனம் வரவில்லை,
எனக்கும்.