முப்பத்தொன்றாம் எண்

பயிற்சி பதினொன்றரைக்கு முடிகிறது.
பன்னிரண்டுக்குள் வாசலில் ஒரு கார் இராது.
"இதுக்குப் பேர் வேலையா?" என்கிறார் அலோய்ஸ்.
இருபத்தாறு வருஷம் சிலேசியாவின் அடியில்
குனிந்தே நடந்தவர்.
வாக்கியத்தைக்கூடக் குனிந்தபடிதான் முடிப்பார்,
நடுவில் ஒரு இருமல்.

நான் பதில் சொல்வதில்லை.
எனக்குக் கூடைகள் காத்திருக்கும்.
தினம் முப்பத்தோரு பனியன், முப்பத்தோரு கால்சட்டை,
எண்ண முடியாத காலுறைகள்.
ஒன்றை எப்போதும் இயந்திரம் தின்றுவிடும்.

சலவைக்காரியிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.
ஒன்பதாம் எண் கழற்றிப் போடுவது
கிட்டத்தட்ட உலர்ந்த துணி.
வாசனைத் திரவியம் மணக்கும்.
சனிக்கிழமை இரண்டு கோல் போடுவான்.
ஆறாம் எண்ணில் புல்லும் சேறும், முழங்கையில் ரத்தமும்.
மழை நாளில் மட்டும் எனக்கு ஒன்றும் தெரியாது.
மழையில் எல்லாரும் உழைப்பாளிகள்.

உடற்பயிற்சியாளர் சின்னப் பையன், கணினியோடு அலைபவன்.
"தூக்கமும் பயிற்சிதான்" என்றான் ஒருநாள்.
வீட்டில் போய்ச் சொன்னேன்.
அலோய்ஸ் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார்:
"அப்படின்னா பென்ஷன் வந்த நாள்லேர்ந்து
நானும் கடுமையாப் பயிற்சி எடுக்கிறேன்."

சொந்த மண்ணில் மூன்று பூஜ்யம் தோற்ற வாரம்
ஆட்கள் வந்து பயிற்சி மைதான வாசலில்
ஒரு கரி மண்வெட்டியை நட்டு வைத்தார்கள்.
ஒரு எழுத்தும் எழுதவில்லை. தேவைப்படவில்லை.
கார்கள் அதைச் சுற்றி வளைந்து போயின.
ஒருவன் கண்ணாடியை இறக்கவில்லை.
ஒருவன் இறக்கினான், உடனே ஏற்றினான்.

கூட்டத்தில் அலோய்ஸும் நின்றார்,
ஊன்றுகோலும் கிளப் சால்வையுமாக.
மண்வெட்டி எங்கள் வீட்டினுடையது என்று
பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கூடையோடு அந்தப் பக்கம் வந்தேன்.
எதற்கென்று தெரியவில்லை,
அடியிலிருந்து ஒன்றை உருவி
அவர் கையில் வைத்தேன்.
முப்பத்தொன்று. நோர்பெர்ட்.
மூன்றாவது கோல்கீப்பர், வயது முப்பத்தி நான்கு.
இந்தப் பருவத்தில் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை,
போன பருவத்திலும் இல்லை.
முந்தின நாள் பனியன். எடுக்க மறந்துபோனது.
காய்ந்து அட்டை மாதிரி நின்றது.
முதுகில் வெள்ளைக் கோடுகள், வரைபடத்து மலைகளைப் போல.

அலோய்ஸுக்கு உப்பு தெரியும்.
விரலால் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார்.
ஷிப்ட் முடிந்து மேலே வரும் கூண்டில்
தோளோடு தோள் உரசிய துணிகள்
அந்தக் கணம் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.
வராமலும் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"யார் இவன்?"
"ஆடமாட்டான்."
"அப்புறம் எதுக்கு இவ்வளவு?"

எனக்குத் தெரிந்ததெல்லாம்
நாற்பது டிகிரி, அரைக் குவளைத் தூள்.
போதுமா, போதாதா என்று கேட்கிறார்கள்.
எதற்குப் போதுமா என்று
யாரும் சேர்த்துக் கேட்பதில்லை.
ஜெயிக்கவா? வாங்குகிற சம்பளத்துக்கா?
பூமிக்கு அடியில் போனவனின் நுரையீரலுக்கா?
அந்தத் தராசில் எதை வைத்தாலும்
தட்டு மேலேதான் நிற்கும்.

அடுத்த சனிக்கிழமையும் தோற்றார்கள்.
ஒன்பதாம் எண் ஒரு கோல் போட்டான்,
அவன் சட்டை சுருங்கக்கூட இல்லை.
அலோய்ஸ் தொண்டை கிழியக் கத்தினார்:
"சுரங்கத்துக்குப் போங்கடா!"
மூடி எட்டு வருஷமான சுரங்கத்துக்கு.
பின்வரிசை முழுக்க அவரோடு கத்தியது.
பெஞ்சின் கோடியில் நோர்பெர்ட்
தண்ணீர்ப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

மண்வெட்டி திரும்பி வந்துவிட்டது.
நிலவறையில், இருந்த இடத்திலேயே சாய்ந்திருக்கிறது.

திங்கள் இரவு, விளக்கை அணைத்த பிறகு,
சுவரைப் பார்த்துப் படுத்தபடி கேட்டார்:
"அந்த முப்பத்தொன்று...
இன்னிக்கும் கனமா இருந்துச்சா?"

மழை பெய்தது இன்று.
இருந்தது என்றேன்.