பதினேழு அங்குலம்

வண்ணார்பேட்டைக் கடையில் அந்தப் பையன் கேட்டான்:
"கேம் ஆடுவீயளாக்கா?"
இல்லை.
"வீடியோ எடிட்டிங்?"
இல்லை.
"அப்பம் எதுக்குக்கா இம்புட்டுப் பெருசு?"
தெனமும் பாக்கத்தான் தம்பி, என்றேன்.
சேரன்மகாதேவியில் பத்திரம் எழுதுகிறேன்.
பதினாலு வருஷம். நாளைக்கு ஒன்பது மணி நேரம்.
முப்பதாயிரத்தில் ஒன்றை எடுத்து வைத்தான்,
டைப் அடிக்க இது போதுமாம்.

போதும்தான்.
போதும் என்று வாங்கியவைதாம் வீடு முழுக்க:
பிடி சுடுகிற குக்கர்,
முக்கால்வாசியில் முட்டி நிற்கும் பீரோக் கதவு.
வருஷத்தில் இரண்டு நாள் கட்டும் பட்டுக்கு
எதுக்கு என்று ஒருத்தரும் கேட்டதில்லை.
தினமும் கட்டுவது மட்டும்
ஆடித் தள்ளுபடியில் வர வேண்டும்.

உலகநாதன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
தன் அக்காவுக்குப் போன் போட்டு
அங்கே சொன்னார்.

டவுன் பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது;
இதற்குப் போடலாமா என்று கண்டக்டர் யோசித்தார்.
மடிக்கணினி என்று பேர்,
மடி போதவில்லை.
சுத்தமல்லி விலக்குக்குள் தொடை மரத்துவிட்டது.
சார்ஜர் தனியாக ஒரு செங்கல் கனம்.

மேஜையில் இதை வைத்த அன்று
மைப்பெட்டி ஜன்னலுக்குப் போனது,
டீ கிளாஸ் தரைக்கு.
ஒற்றை விரலில் மூடி எழும்பியது,
சத்தமில்லாமல்.
மூன்று மணி வெயிலில் பழைய திரையில்
என் முகம்தான் தெரியும்.
இதில் பத்திரம் தெரிகிறது.
ணகரத்துக்கும் னகரத்துக்கும் நடுவே
கண்ணைச் சுருக்க வேண்டாம்.
கீழெல்லையைப் பார்த்துவிட்டு
மேலெல்லைக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள்
கீழெல்லை மறந்துபோகும் முன்பெல்லாம்.
இப்போது
ஓடைக்குத் தெற்கு, பனைக்கு மேற்கு,
வண்டிப் பாதைக்கு வடக்கு
எல்லாம் ஒரே பார்வைக்குள்.
பக்கத்தில் தாய்ப்பத்திரம்.
அதன் பக்கத்தில் கொஞ்சம் வெறுமை,
அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன்.

புதன்கிழமை கூனியூர்க்காரர்கள் வந்தார்கள்,
மாசானமும் தளவாயும்.
கூடப்பிறந்தவர்கள், ஆறு வருஷமாகப் பேச்சில்லை.
எப்போதும் ஒருவர் பார்த்துவிட்டு வெளியே போவார்,
அப்புறம் மற்றவர் வருவார்.
பழைய திரைக்கு அது சரியாக இருந்தது.
அன்று புலப்படத்தைத் திறந்தேன்.
கிணறு நடுவில், வரப்பு இரண்டு பக்கமும்,
யாரும் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.
பெஞ்சில் ஓர் ஓரத்தில் ஒருவர்,
மறு ஓரத்தில் ஒருவர்.
பிறகு எப்போது நகர்ந்தார்கள் என்று கவனிக்கவில்லை,
பார்த்தால் முழங்கையும் முழங்கையும் உரசிக்கொண்டு.

மாசானம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்
"இது என்ன வெல இருக்கும்?" என்றார்.
என்னைக் கேட்கிறார் என்று வாயைத் திறந்தேன்.
"ரெண்டு பவுனுக்குப் பக்கமாம்,
டீக்கடையில சொல்லுதாவ,"
என்றார் தளவாய்.
"ஆத்தீ" என்றார் மாசானம்.

அவ்வளவுதான்.
அதற்கப்புறம் கிணற்றுத் தண்ணீரில்
யாருக்கு எத்தனை நாள் முறை என்று
சண்டை பழையபடி தொடங்கியது.
ஆனால் இந்தத் தடவை
நேருக்கு நேர்.
கத்திய கத்தலில் ரிஜிஸ்தர் ஆபீஸ் பியூன்
எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ராத்திரி வீட்டில் கரண்ட் பில் கட்டினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்,
எத்தனை பெரிதாக, எத்தனை தெளிவாக!
"இதுக்கா ரெண்டு பவுன்" என்றார் உலகநாதன்.
இதுக்குத்தான் என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்,
பாபநாசம் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று
பார்க்கச் சொன்னார்.

மூடுவதற்கு முன் அணைத்தேன்.
கறுத்த கண்ணாடியில், சரியாக நடுவில்,
வடை எண்ணெயில் ஒரு விரல் தடம்.
யார் தொட்டுக் காட்டினார் என்று நினைவில்லை.
துணியை எடுத்தவள்
மடித்துத் திரும்ப வைத்துவிட்டேன்.
வெளிச்சம் போன பிறகுதான் தெரிகிறது
அந்தக் கிணறு.