இருபத்து மூன்றாவது மீட்டர்

ஹாலிஃபாக்ஸில் மழை விட்டிருந்த செவ்வாய்,
காலை பத்தரை. கடை திறக்கவில்லை.
திருமதி ஆக்ராய்ட் கழிவு நோட்டை
என் முன்னால் விரித்துப் போட்டார்.
ஞாயிறு, பதினொரு லிட்டர்.
சனி, பதினான்கு.
வெள்ளிக்குப் பக்கத்தில் எண் இல்லை,
பேனா அழுத்தித் தாள் கிழிந்த ஒரு கோடு.

"பாதி பீர், பாதி நுரை.
வாளிக்கு ஊற்றவா நான் வரி கட்டுகிறேன்?"

பீப்பாய்கள் நிலவறையில். பார் இரண்டாம் மாடியில்,
பழைய கம்பளி ஆலையின் கூரைக்குக் கீழ்.
இடையில் முப்பத்தெட்டு மீட்டர்.
ஆறு பீர்க் குழாய்கள், குளிர்நீர்
போக ஒன்று, வர ஒன்று,
சேர்த்துக் கட்டிக் கறுப்பு உறை போர்த்தினால்
தொழிலில் அதன் பெயர் மலைப்பாம்பு.
விழுங்குவது நிலவறையில், கக்குவது கோப்பையில்.
நடுவில் எங்காவது சூடு பட்டால்
வயிற்றைக் கலக்கிவிடும்.
அவ்வளவுதான் விஷயம்.
எங்கே என்பதுதான் என் சம்பளம்.

நிலவறை பன்னிரண்டு டிகிரி. சரி.
வாயுவின் முள் நிற்க வேண்டிய இடத்தில். சரி.
பீப்பாய் தீரும்போது நுரையை மறிக்கும்
கண்ணாடிக் குடுவையின் மிதவை
தூங்காமல் காவல் நிற்கிறது.
குழாய் கழுவியது போன புதன்,
கையெழுத்து: டெக்லன்.
மேலே போய்க் குழாய்வாயைக் கழற்றினேன், பாசி இல்லை.
கோப்பையை நனைத்துக் கவிழ்த்தேன்,
தண்ணீர் திட்டுத்திட்டாய் நிற்காமல்
ஒரே தகடாய் வழிந்தது.

"டெக்லன் யார்?"
"கோப்பையைச் சாய்க்கத் தெரியாதவன்.
குழாயைப் பாதி திறப்பான், பயந்து பயந்து ஊற்றுவான்.
வெள்ளி ராத்திரி, வரிசை படிவரை நிற்க,
போ என்றேன். போய்விட்டான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.
எங்கள் மொழியில் அது நெடுநாள் சிரிப்பு.
கூடத்தை அளந்து பார்த்த ஆள் மட்டும்
அந்தக் கதையில் இல்லை.

நான் அளக்கப் போனேன்,
கையுறையைக் கழற்றி
பாம்பின் முதுகில் உள்ளங்கை வைத்து.
நல்ல உறை கைக்கு ஒன்றும் சொல்லாது.
படிக்கட்டின் அடியில் ஒன்றும் சொல்லவில்லை.
முதல் மாடி, ஒன்றும் இல்லை.
சமையலறைச் சுவருக்குப் பின்னால்
முழங்காலிட்டு, பிறகு வயிற்றால் நகர்ந்து,
இருபத்து மூன்றாவது மீட்டரில் கை சுட்டது.

புதிதாய் வாங்கிய கோப்பை கழுவும் எந்திரம்.
அதன் வெந்நீர்க் குழாயை நுழைக்க
யாரோ உறையை ஒரு சாண் அறுத்திருந்தார்கள்.
இரண்டும் ஒட்டிக் கிடந்தன
பனிக்காலப் போர்வைக்குள் இருவர் போல.
கூட்டம் கூடினால் எந்திரம் ஓடும்,
எந்திரம் ஓடினால் பீர் நுரைக்கும்,
நுரைத்த கோப்பைகளும் கழுவ வரும்,
எந்திரம் இன்னும் ஓடும்.

குழாயை நாலு விரல் தள்ளிக் கட்டி,
புது உறை, நாடா. ஐம்பது நிமிடம்.
மூன்று கோப்பை கொட்டினோம்.
நாலாவது பொன்னிறம், மேலே இரண்டு விரல் வெண்மை,
வெண்மை அசையவில்லை.
"குடியுங்கள்" என்றார்.
எனக்குப் பழக்கமில்லை,
வெப்பமானியை நுழைத்து ஏழு என்றேன்.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
இரண்டு வரி இடம்.
வெந்நீர்க் குழாய் உரசல், இருபத்து மூன்றாவது மீட்டர்.
ஒரு வரி மிச்சமிருந்தது.
ஊற்றியவர் கையில் பிழை இல்லை என்று எழுதினேன்.
யாரும் அதைக் கேட்கவில்லை.

அவர் படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
நோட்டை மறுபடி திருப்பினார்.
அவன் இல்லாத சனிக்கிழமை, பதினான்கு லிட்டர்,
அவர் கையாலேயே எழுதியது.
கைபேசியை எடுத்தார். பார்த்தார்.
கவிழ்த்து வைத்தார்.

செவ்வாய் என்று எழுதி, மூன்று கோப்பை என்றார்.
பேனா வெள்ளிக்கிழமைமேல் சற்று நின்றது.
கீழே யாரோ கதவைத் தட்டினார்கள்,
மணி பன்னிரண்டு.