நாலு ரோடு, அஞ்சு ரோடு

பெரியாஸ்பத்திரி மாடியில் பஞ்சு ஒட்டிய ஓர் அறை.
கதவைச் சாத்தியதும் சேலம் நின்றுபோனது.
இருபத்திரண்டு வருஷமாய் டவுன் பஸ்ஸில் விசில் ஊதுகிறவன் நான்;
என் எச்சில் விழுங்கும் சத்தமே எனக்குப் புதுசு.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஜெனிட்டா.
சத்தம் வந்தால் பொத்தானை அழுத்துங்கண்ணா.
அழுத்தினேன்.
கொசு ஒன்று வரலாமா என்று யோசிக்கிற அளவுச் சத்தத்துக்கும்
அழுத்தினேன்.
காது ரெண்டும் நல்லாருக்கே, என்றாள்.

பின்னே ஏன்
நாலு ரோடு கேட்ட பிள்ளைத்தாச்சிக்கு
அஞ்சு ரோடு கிழித்துக் கொடுத்தேன்?

அடுத்தது எண்கள்.
வலது காதில் ஒன்று, இடது காதில் ஒன்று,
ரெண்டும் ஒரே நொடியில்.
எட்டு, என்றேன். கூட வந்தது யார்?
மூணு. கூட வந்தது?
இடப்பக்க எண்கள்
படியில் ஒரு கால் வைத்துத் தொங்கி
ஏறாமலே உதிர்ந்துகொண்டிருந்தன.

காது வாசல்தாண்ணா,
உள்ளே வாங்கி வைக்கிற ஆள் கொஞ்சம் அசந்திருக்கார்.

கிருமியா?
பதினோரு வருஷ மாத்திரையா?
வயசா?
என்ஜின் பக்கமே நின்ற நிலையா?
ஒரு சோதனையில் சொல்ல முடியாதுண்ணா, என்றாள்.
தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆள்.

ரத்தத்தில் கிருமி கணக்கில் வராத அளவு என்று எழுதிய தாள்
என் தோல்பையில் கிழிந்த பத்து ரூபாய்களோடு இருக்கிறது.
டிப்போவில் யாரிடமும் மாற்ற முடியாது
ரெண்டையும்.

அடுத்த மாசம் மூளைக்கு ஒரு பரிட்சையாம்,
கடிகாரம் வரையச் சொல்வார்களாம்.
எந்த மணி கேட்டாலும்
என் கை ஒன்பதில்தான் போய் நிற்கும்.
ராத்திரி மாத்திரை நேரம்.

மறுநாள் பாலத்தடியில் ஹார்ன் மழை.
நாலா அஞ்சா, விரலில் காட்டுங்க, என்றேன்.
ஒரு பள்ளிக்கூடப் பையன் காட்டினான்.
பின் சீட்டில் யாரோ முணுமுணுத்தார்:
செவிட்டுக் கண்டக்டர்.
அது மட்டும்
ரெண்டு காதிலும் தெளிவாய் ஏறி உட்கார்ந்தது.

ராத்திரி பாயில் இடம் மாறிப் படுத்தேன்.
டேபிள் ஃபேன் இடப்பக்கம். பூங்கொடி வலப்பக்கம்.
என்ன புதுசா இருக்கு, என்றாள்.
என்ன சொன்னே, இன்னொரு தடவை சொல்லு, என்றேன்,
கேட்டிருந்தும்.