ஒப்பமிடும் இடம்

கூட்டு முனைவர் பட்ட ஒப்பந்தம்
முப்பத்தொரு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில் நான் வருகிறேன்,
'மாணவர் எனப்படுபவர்' என்று.

கிளமெண்டியில் மாலை ஐந்து,
லண்டனில் காலை ஒன்பது.
திரையின் இடப்பக்கம் பேராசிரியர் லியோங்,
குளிரூட்டிக்குப் பயந்து சால்வை போர்த்தியவர்.
வலப்பக்கம் ஹில்டா மேரியட்,
ஈரக் குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
நடுவில் நான்
நூலகத்து ஐந்தாம் மாடியில்
பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில்
இறையாண்மை பற்றிப் பேசுகிறேன்.
கோடையில் இதே சந்திப்பு நான்கு மணிக்கு.
அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத்
திருப்பி வைப்பார்கள்.
எங்கள் மூவரில் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும்
அதை மறப்போம்.

என் தலைப்பு, முறையீடு.
யார் யாரிடம் முறையிடலாம் என்பதுதான் அரசியல் என்று
முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன்,
அடிக்குறிப்பு பதினேழுடன்.

பல்கலைக்கழகம் இரண்டென்றால்
நெறிமுறைக் குழுவும் இரண்டு.
பேட்டி தருபவர் கையெழுத்திட்டே ஆக வேண்டும்
என்றது இங்குள்ளது.
கையெழுத்துதான் அவருக்கு ஆபத்து,
வாய்ச்சொல் போதும் என்றது அங்குள்ளது.
எட்டு மாதம்
ஒன்றுக்கொன்று மிக மரியாதையாகக் கடிதம் எழுதிக்கொண்டன.
'உன் கோப்பு இன்னும் கடல்மேலதான்' என்பாள்
அலுவலகத்து நூர் ஹய்யாத்தி,
கப்பல் விசாரிக்க வந்தவளிடம் சொல்வதுபோல.
கடைசியில் ஒத்துப்போனார்கள்:
இரண்டு படிவம்.
ஒன்றில் கையெழுத்துக்குக் கோடு உண்டு,
மற்றதில் கோடே இல்லை.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்.
ஆய்வேட்டில் அவர் பதினொன்றாம் நபர்.
ஊரையும் மாற்றிவிட்டேன்.
பூன் லே காப்பிக்கடை, ஞாயிற்றுக்கிழமை,
அவர் முன்னால் தே ஓ ஆறிக்கொண்டிருந்தது.
இரண்டு தாளையும் வரிக்கு வரி
விரல் வைத்துப் படித்தார்.
இதுவரை பேசிய பத்துப் பேரில்
ஒருவரும் படிக்கவில்லை.

"ரெண்டு தாளா?
எனக்கும் ரெண்டுதான் மேடம்.
ஊர்ல ஏஜண்டு நீட்டுனதுல
நாளைக்கு இருபத்தெட்டு வெள்ளி.
இங்க எறங்குன அன்னிக்கு கம்பெனி நீட்டுனதுல பதினெட்டு.
ரெண்டுலயும் என் கையெழுத்து.
ரெண்டும் நான் போட்டதுதான்."
பிறகு கேட்டார்:
"எது செல்லும்?
நீங்க அதத்தானே படிக்கிறீங்க?"

இதைப் பற்றி
நாற்பது கட்டுரையாவது வாசித்திருப்பேன்.
பேனாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.

கோடு இருந்ததில் போட்டார்.
கோடு இல்லாத தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
கீழே, ஓரத்தில்,
வெறும் வெள்ளையில்
அதிலும் போட்டார்.
"எடம் விடலன்னா போடக்கூடாதா என்ன."

லியோங் அதைச் செல்லாது என்றார்.
ஹில்டா அதை அழித்துவிடச் சொன்னார்.
நான்காண்டில் முதல்முறையாக
இருவருக்கும் ஒரே கருத்து:
பதினொன்றாம் நபர் வேண்டாம்.
பன்னிரண்டாமவர் பதினொன்றானார்.

இந்த அக்டோபரில் மறந்தது நான்.
நான்கு மணிக்கே வந்துவிட்டேன்.
கறுத்த திரையில் என் முகம் மட்டும்.
பொழுது போகாமல் ஒப்பந்தத்தைப் புரட்டினேன்.
இருபத்தேழாம் பக்கம்:
இரு நிறுவனங்களின் விதிகள் முரண்படுமானால்
இரு தரப்பும் நல்லெண்ணத்துடன்
பேசித் தீர்த்துக்கொள்ளும்.
நல்லெண்ணம் என்பதன் கீழே
பென்சிலால் கோடு போட்டேன்.
கொஞ்சம் நீளமாக,
ஒருவர் கையெழுத்திடும் அளவுக்கு.
ஓரத்தில் பதினெட்டு என்று எழுதி
அழித்து
மறுபடி எழுதினேன்.

ஐந்தாக நான்கு நிமிடம் இருக்கும்போது
திரை வெளுத்தது.
சால்வையைச் சரிசெய்துகொண்டே லியோங்,
"என்ன, இன்று சீக்கிரமே வந்துவிட்டாய்" என்றார்.