விபத்தில்லா நாட்கள் 211

மாட்டுக்கு ஹைடு. ஆட்டுக்கு ஸ்கின்.
எங்களுக்கு இரண்டும் தோல்தான்.
பேரணாம்பட்டு கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம்
ஆட்டுத்தோல் மூவாயிரத்தை
ஹைடு என்று பில்லில் அடித்துவிட்டேன்.
சென்னைத் துறைமுகத்தில் பெட்டி நான்கு நாள் நின்றது.
ஜி.எம். என் அரைமாதச் சம்பளத்தைப் பிடித்தார்.
அன்றிலிருந்து மேசைக் கண்ணாடிக்கு அடியில்
ஒரு தாள் வைத்திருக்கிறேன்.
ஜோடி ஜோடியாய் வார்த்தைகள்.
பார்க்க அக்கா தங்கை,
பழகினால் பங்காளிகள்.

லேட் என்றால் நான் தூங்கிவிட்டேன்.
டிலே என்றால் கப்பல் தூங்கிவிட்டது.
ரிக்ரெட் என்று எழுதினால் கம்பெனி வருந்துகிறது,
சாரி என்று எழுதினால்
காசு கொடுக்க வேண்டிவரும்.

டிஃபெக்ட், ஆடு தன்னோடு கொண்டுவந்தது:
உண்ணி கடித்த புள்ளி, அம்மைத் தழும்பு,
முள்வேலி கிழித்து ஆறிப்போன கோடு.
டேமேஜ், நாம் செய்தது:
கத்தி, ஆணி, லாரியில் ஒழுகிய மழை.
முன்னதற்குத் தள்ளுபடி.
பின்னதற்கு யாராவது கட்ட வேண்டும்.
கட்டப்போவது யார் என்பதற்குத்தான்
இத்தனை இங்கிலீஷ்.

இத்தாலிக்காரர் ஒருவர் போனில் கேட்பார்,
"ஹோலா? கட்டா?"
அவருக்கும் அது கடன் வாங்கிய பாஷை.
கடன்காரர்கள் இரண்டு பேர்
மூன்றாமவன் தராசில்
ஓட்டையை நிறுத்துக்கொண்டிருப்போம்.

செவ்வாய்க்கிழமை மதிய ஷிஃப்ட்.
ஷேவிங் மெஷினில் முனிரத்தினத்தின் இடது கை.
நடு விரல், மோதிர விரல்.
நீலத் தோலில் ரத்தம் ஊறவில்லை.
குரோம் குடித்த தோல்,
வேறெதையும் குடிக்காது.

ஆம்புலன்ஸ் குடியாத்தம் தாண்டி
வேலூர் போய்ச் சேருவதற்குள்
ஜி.எம். என் மேசைக்கு வந்துவிட்டார்.
அடுத்த வாரம் ஆடிட்.
கேட்டில் பச்சை போர்டு,
விபத்தில்லா நாட்கள் 211.
"ஆக்ஸிடென்ட்னு எழுதாதம்மா சுகந்தி,
இன்சிடென்ட்னு போடு.
ரெண்டும் ஒண்ணுதான்."

ரெண்டும் ஒண்ணு என்று
அந்த நாற்காலியிலிருந்து இதுவரை யாரும் சொன்னதில்லை.

தமிழில் யோசித்துப் பார்த்தேன்.
லாரி மோதிய செய்தியில்
'சம்பவ இடத்திலேயே' என்று வந்துவிட்டால்
மிச்சத்தைப் படிக்க வேண்டியதில்லை.
எங்கள் தெருப் பையன்கள்
ஒருத்தனை வெட்டப் போவதையும் சம்பவம் என்பார்கள்.
நம் ஊர்ச் சம்பவத்தில் ரத்தம் உண்டு.
அவர் கேட்ட சம்பவத்தில் இல்லை.
கரண்ட் போச்சு, பல்லி விழுந்தது
என்பது மாதிரி ஒன்று.

எழுதினேன்.
கையெழுத்தும் என்னுடையதுதான்.
மறுநாள் வாட்ச்மேன் 212 என்று எழுதினார்.
அதற்கு மறுநாள் 213.

வெள்ளிக்கிழமை அவர் சம்சாரம் அமுலு
இ.எஸ்.ஐ. ஃபாரத்தோடு வந்தாள்.
"ரெண்டு பூடுச்சிம்மா. மூணு கீது" என்றாள்,
சீட்டுக் கணக்கு ஒப்பிப்பவள் போல.
ஃபாரத்தின் தலையிலேயே ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட்.
மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துத் தேடினேன்.
இன்சிடென்ட்டுக்கு ஒரு கட்டம் இல்லை,
ஒரு ரூபாய் இல்லை.
"இதுல இன்னா எழுதணும்மா?"

ரிஜிஸ்டரைத் திறந்தேன்.
கண்ணாடிக்கு அடியில் இருக்கும் தாளில்
இந்த ஜோடி ஏறவே இல்லை.
இங்கிலீஷில் இரண்டுக்கும்
பின்னால் வரும் ஆறு எழுத்தும் ஒன்று.
முன்னால் இரண்டு மட்டும் வேறு.
அந்த இரண்டைச் சிவப்பு மையில் அடித்தேன்.
மேலே இரண்டு எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாய் என் பெயர், தேதி.

கேட்டில் போய்ச் சொன்னதும்
வாட்ச்மேன் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார்,
பிறகு என்னை.
ஈரத் துணி எடுத்துத் துடைத்தார்.
214 ஒரே துடைப்பில் போகவில்லை.
சுண்ணாம்புக் கட்டியோடு திரும்பி,
"பூஜ்யத்துக்கு எத்தினி பூஜ்யம் போடணும்?" என்றார்.

மூன்று கட்டம் இருந்தது.