மைனஸ் இருபத்தாறு

கப்பலூர் மில். கத்திரி தொடங்கிப் பதினோராம் நாள்.
மதியம் இரண்டேகாலுக்கு
ஈரக்காற்று விசிறியின் டிரைவ் நின்றுவிட்டது.
சின்னத் திரையில் சிவப்பாய் ஒரு வரி:
வெப்பம் குறைவு. மைனஸ் இருபத்தாறு.

என் நெற்றி வியர்வை
அந்த மைனஸ் மேலேயே சொட்டியது.

ஸ்பின்னிங் ஹாலில் காற்று காய்ந்து
நூல் அறுபடத் தொடங்கியிருந்தது.
தலைத்துண்டைப் பிழிந்தபடி வந்தாள் ஒச்சம்மா.
"என்னவாம் உங்க மிசினுக்கு?"
"குளிருதாம்."
"அப்ப நாங்க அதுக்குள்ள போயி உக்காந்துக்கிறோம்.
நீ வந்து நூலை முடி."

கம்பெனியின் இலவச எண்ணில்
பொறுமையான ஒரு குரல்
கையேட்டை வரிவரியாய் வாசித்தது.
அறை வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே உள்ளதா, சார்?
மதுரைங்க, என்றேன்.
மறுபடியும் அதையே கேட்டது.

சூப்பர்வைசர் சோணைமுத்து
எங்கிருந்தோ ஒரு ஹீட் கன்னோடு ஓடிவந்தார்.
நாற்பத்தொரு டிகிரியில் நின்றுகொண்டு
இருவருமாய் அந்தப் பெட்டிக்கு
ஒத்தடம் கொடுத்தோம்.
மைனஸ் இருபத்தாறு.
இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தோம்.
மைனஸ் இருபத்தாறு.
ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.
அப்போதுதான் எனக்கு உறைத்தது.
நிஜமாகவே குளிர்ந்த பொருள்
சூட்டுக்கு ஏதாவது பதில் சொல்லும்.

மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டு
கெப்பாசிட்டர் அடங்கப் பத்து நிமிடம்.
அந்தப் பத்து நிமிடமும்
கதவருகே நின்ற பெண்கள்
என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூடியைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு பொட்டுப் பஞ்சு இல்லை.
அவ்வளவு சுத்தம்.
சனிக்கிழமை ஏர் பிடித்து ஊதியவன் நான்தான்.

சென்சார் காலில் மீட்டரை வைத்தேன்.
ஐந்து கிலோ ஓம்.
இந்த வெக்கைக்குச் சரியான கணக்கு.
பாவம், அது உள்ளதைத்தான்
சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
அதன் வெள்ளைச் சாக்கெட்
போர்டை விட்டு ஒரு நெல் அகலம்
நழுவி நின்றது.
மூன்று நாள் அதிர்வில்
ஒட்டியும் ஒட்டாமலும் இருந்து
இன்று கைவிட்டிருக்கிறது.
சேதி எதுவும் வராவிட்டால்
குளிர் என்று எழுதிக்கொள்ளும் போர்டு.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கட்டைவிரலால் அழுத்தினேன்.
டிக்.

மூடி, பூட்டெடுத்து, மெயினை ஏற்றினால்
ஐம்பத்திரண்டு டிகிரி.
நாங்கள் கொடுத்த ஒத்தடம் இன்னும் ஆறவில்லை.
விசிறி முனகி, இருமி, வேகம் பிடித்தது.
ஹாலுக்குள்ளிருந்து யாரோ விசிலடித்தார்கள்.
ஒச்சம்மாவாகத்தான் இருக்கும்.

பதிவேட்டில் எழுதினேன்.
கோளாறு: வெப்பம் குறைவு.
காரணம்: சாக்கெட் தளர்வு.
தளர்த்தியவர் யார் என்று
அந்தப் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.
பேனாவை மூடிவிட்டு
மறுபடி திறந்து
ஓரத்தில் 'சனிக்கிழமை' என்று மட்டும் சேர்த்தேன்.

கையெழுத்துப் போட வந்த சோணைமுத்து
அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்றார்.
பிறகு டீ வந்தது.
சூடாகத்தான் இருந்தது.